விநாடி எங்கே போச்சு? சைக்கிள் பந்தயம் பார்த்துவிட்டு வாதாடுகிறவர்களுக்கு

ஜூலை மாதம் ராத்திரி ஒன்பது மணிவாக்கில் என் போன் அடித்தால் அது கோயம்புத்தூரிலிருந்து தம்பியாகத்தான் இருக்கும். மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில் அன்றைய ஸ்டேஜ், அதாவது அந்த ஒரு நாள் ஓட்டம், அப்போதுதான் முடிந்திருக்கும். "எக்கா, ஒனக்க ஆளு தீந்தான்" என்று ஆரம்பிப்பான். அவனுடைய ஆள் பின்தங்கிய நாளில் அதே வசனத்தை நான் சொல்வேன். சாப்பாடு ஆறிப்போகும், வாதம் ஆறாது.

நான் தோவாளைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். பற்று வரவு சரிபார்க்காமல் ஒரு ஆளை "ஏமாத்திட்டான்" என்று சொல்லக் கூடாது என்பது என் தொழிலில் பால பாடம். அதையே பந்தயத்துக்கும் வைத்துக்கொண்ட பிறகுதான் எங்கள் வாதம் உருப்பட்டது. இதற்கென்று ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு ஐந்து கட்டம்: வேலை, காற்று, துணை, விநாடி, தெரிந்தது. ஒரு வீரரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் இந்த ஐந்தையும் நிரப்பிப் பாருங்கள். நிரப்ப முடியாத கட்டம் இருந்தால் தீர்ப்பைத் தள்ளி வையுங்கள்.

முதல் கட்டம் வேலை. இது புரியாமல் பேசுகிறவர்கள்தான் அதிகம். டூரில் ஒரு அணிக்கு 8 பேர். அதில் ஒருவரோ இருவரோதான் தங்களுக்காக ஓட்டுகிறார்கள். மற்றவர்கள் தண்ணீர் பாட்டில் கொண்டுவர, காற்றை மறைக்க, எதிரணியைத் துரத்த வைக்க வந்தவர்கள். அதனால் ரிசல்ட் பட்டியலில் 90-ஆவது இடத்தில் வந்தவர் அன்றைக்கு மிகச் சிறப்பாக வேலை செய்திருக்கலாம். பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் இது தெரியவே தெரியாது.

2022 ஜூலை 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பர்வில்லிலிருந்து கோல் டு கிரானோன் மலையுச்சி வரை 11-ஆவது ஸ்டேஜ். மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சி தடேய் போகாச்சாரிடம். யும்போ விஸ்மா அணியில் பிரிமோஷ் ரோக்லிச், யோனாஸ் விங்கெகோர் என்று இரண்டு தலைவர்கள். ரோக்லிச் ஏற்கெனவே 5-ஆவது ஸ்டேஜில் விழுந்து தோள்பட்டை விலகி, நேரத்தை இழந்திருந்தார். கிரானோன் வருவதற்கு வெகு முன்னாலேயே, 2,642 மீட்டர் உயர காலிபியேயில், அந்த இருவரும் மாறி மாறிப் பாய்ந்தார்கள், அதாவது திடீரென்று வேகமெடுத்து விலகப் பார்த்தார்கள். ரோக்லிச் பாய்ந்தால் போகாச்சார் எழுந்து துரத்துவார். ஒட்டினதும் விங்கெகோர் பாய்வார். மறுபடி துரத்தல். அன்றைக்கு என் நோட்டில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு கோடு போட்டேன். அது எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் போகாச்சாரே நேரில் பதில் சொன்னார், அவருக்காகத் துரத்த அங்கே யாரும் இல்லை. அணியில் இரண்டு பேர் கொரோனாவால் முன்பே வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

கிரானோன் 11.3 கி.மீ., சராசரி 9.2 சதவீத ஏற்றம். உச்சிக்கு 5 கி.மீ. அளவில் இருக்கும்போது விங்கெகோர் பாய்ந்தார். இந்தத் தடவை போகாச்சார் எழவில்லை. உட்கார்ந்தபடியே மிதித்தார், இடைவெளி கண்முன்னே விரிந்தது. முடிவில் 2 நிமிடம் 51 விநாடி போயிருந்தது, மஞ்சள் ஜெர்சியும் போயிற்று.

அன்றிரவு தம்பி சொன்னது: "ரோக்லிச்சுக்கு இனி ஒண்ணும் இல்லக்கா, எவ்வளவு பின்னால வந்தாம் பாத்தியா." நான் நோட்டிலிருந்த கோடுகளை எண்ணிச் சொன்னேன். விங்கெகோர் கிரானோனில் வாங்கிய வரவில் ஒரு பெரும்பங்கு காலிபியேயில் ரோக்லிச் போட்ட முதல். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் ரோக்லிச்சை எத்தனை வருஷமாக நேசித்தவன் என்பது எனக்குத் தெரியும். ரோக்லிச் அந்த டூரை முடிக்கக்கூட இல்லை, 15-ஆவது ஸ்டேஜுக்கு முன் விலகினார். ஆனால் அந்த ஒரு நாள் வேலைக்காக அவரை நான் என்றைக்கும் பெரிதாகத்தான் நினைப்பேன்.

ஆகவே முதல் வேலையாக, ஸ்டேஜ் தொடங்கும்போதே அணிக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்: இன்றைக்கு இவர்களுக்கு என்ன வேண்டும்? ஸ்டேஜ் வெற்றியா, ஜெர்சியைக் காப்பதா, எதிரியைக் களைக்க வைப்பதா? சாயங்காலம் அந்த வரியை வைத்து அளந்து பாருங்கள்.

காற்றுக்கு வருகிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றில் சைக்கிள் மிதித்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தம்பி முன்னால் போவான், நான் அவன் பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் இல்லாமல் கொஞ்சம் சரிந்து, காற்று வராத பக்கமாக ஒட்டிக்கொள்வேன். அந்த இடத்தில் இருந்தால் மிதி லேசாகும். ஒரு முழம் விலகினால் காற்று நெஞ்சில் அறையும். பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் வீரர்கள் சாலைக்குக் குறுக்கே சாய்கோடாக அணிவகுப்பது இதே காரணத்துக்குத்தான். அந்தச் சாய்கோட்டில் சாலையின் அகலம் எத்தனை பேருக்கு இடம் தருமோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. மீதிப் பேர் ஓரத்தில் ஒற்றை வரிசையாகத் தொங்குவார்கள். அவர்களுக்கு மறைவே கிடையாது. எங்காவது ஒருவர் விட்டாரென்றால் அவருக்குப் பின்னால் உள்ள அத்தனை பேருக்கும் பந்தயம் அறுந்தது.

டி.வி.யில் காற்றைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் படத்தில் கூட்டம் சாலை முழுக்கப் பரவியிருந்தால் வேகம் இல்லை. அம்பு மாதிரிக் கூர்ந்து நீண்டிருந்தால் யாரோ முன்னால் வதைக்கிறார்கள். சாய்கோடாக இருந்தால் பக்கக் காற்று. சாலையோர வேன்களில் கட்டிய கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள், மரம் சாய்கிற பக்கத்தைப் பாருங்கள்.

2020-இல் 7-ஆவது ஸ்டேஜ், மியோவிலிருந்து லவோர் வரை. பெரிய மலை எதுவும் முடிவில் இல்லை. பக்கக் காற்றில் கூட்டம் பிளந்தது, 21 வயதுப் போகாச்சார் பின்பகுதியில் மாட்டிக்கொண்டார். 1 நிமிடம் 21 விநாடி இழப்பு. "சின்னப் பையன், கால் பத்தாது" என்று அன்றைக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். அவர் இழந்தது காலால் அல்ல, நின்ற இடத்தால். இரண்டு வாரம் கழித்து அவரே பாரிஸில் மஞ்சள் ஜெர்சியோடு நின்றார்.

அந்தப் பாரிஸுக்கு முந்தின நாளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தம்பிக்கு அது இன்னும் ஆறாத புண். லா பிளான்ஷ் தெ பெல் ஃபீய் மலைக்கு 36.2 கி.மீ. தனிநேர ஓட்டம், ஒவ்வொருவராகத் தனியே விட்டு நேரம் எடுப்பது. மொத்த நேரத்தில் போகாச்சாரைவிட 57 விநாடி முன்னிலையில் புறப்பட்ட ரோக்லிச் 59 விநாடி பின்தங்கி முடித்தார். ஹெல்மெட் சரிந்து உட்கார்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்த எல்லோரும் "நொறுங்கிட்டாரு" என்றுதான் சொன்னார்கள். ஆனால் மூன்றாவது ஆளை வைத்து அளந்து பாருங்கள். அன்றைக்கு இரண்டாவது வந்த டாம் டூமூலினே போகாச்சாருக்கு 1:21 பின்னால். ரோக்லிச் 1:56 பின்னால், ஐந்தாவது இடம். அதாவது உலகத்தின் மற்ற எல்லோரிலும் சிறந்தவரைவிட ரோக்லிச் 35 விநாடிதான் மெதுவு. நொறுங்கினது என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் மற்ற எல்லோரையும் விட்டு வேறு உயரத்துக்குப் போனார், அவ்வளவுதான். இரண்டு பேரை மட்டும் ஒப்பிட்டால் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று தெரியாது. மூன்றாவது ஆள் தராசு முள் மாதிரி.

தனிநேர ஓட்டத்தில் துணை கிடையாது, மறைவு கிடையாது, அதனால் வாதத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. இழப்பைக் கிலோமீட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் பஸ்ஸியிலிருந்து கொம்ப்ளூ வரை 22.4 கி.மீ.யில் விங்கெகோர் போகாச்சாரை 98 விநாடி பின்தள்ளினார். கி.மீ.க்கு 4.4 விநாடி. இந்த எண்ணை மற்றத் தனிநேர ஓட்டங்களோடு பக்கத்தில் வைத்தால்தான் அன்றைக்கு நடந்தது எவ்வளவு பெரியது என்று உறைக்கும்.

இனி விநாடிக் கணக்கு. இதற்கு 2024 பெண்கள் டூரைவிட நல்ல பாடம் இல்லை. நோட்டில் மூன்று பக்கம் அதற்கே போனது.

ஆகஸ்ட் 15, 5-ஆவது ஸ்டேஜ், பாஸ்டோனிலிருந்து ஆம்னெவில் வரை. மஞ்சள் ஜெர்சியில் டெமி வொல்லெரிங். முடிவுக்கு 6 கி.மீ. அளவில் ஒரு பெரிய விழுகை, அதில் வொல்லெரிங்கும் கீழே. சமதள ஸ்டேஜில் கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தால் கூட வந்த குழுவின் நேரமே கிடைக்கும் என்று ஒரு விதி உண்டு. 6 கி.மீ.யில் அது உதவாது. முன்னால் போன குழுவில் அவருடைய சக வீராங்கனை பிளாங்கா வாஷ் இருந்தார், அந்த ஸ்டேஜை அவரே வென்றார். இரண்டாவது காஷா நியெவியாடோமா. வொல்லெரிங் 1 நிமிடம் 47 விநாடி கழித்து வந்து சேர்ந்தார்.

அன்றிரவு நான் கொதித்துப் போயிருந்தேன். "சொந்தத் தலைவி ரோட்டில் கிடக்கா, இவ ஜெயிக்கப் போனாளா" என்று கத்தினேன். தம்பிதான், "எக்கா, நீதான சொல்லுவ, கணக்கு எழுது" என்றான். எழுதினேன்.

கடைசி நாள் காலையில் நியெவியாடோமா வொல்லெரிங்கைவிட 1:15 முன்னால். 75 விநாடி. கிளாண்டோன் மலையில் வொல்லெரிங் பாய்ந்தார், பவுலீனா ரோயாக்கர்ஸ் மட்டும் ஒட்டிக்கொண்டார். ஆல்ப் டுவெஸ் உச்சியில் வொல்லெரிங் முதலாவது. நியெவியாடோமா 61 விநாடி கழித்து நான்காவதாக வந்தார். முதலிடத்துக்குப் போனஸாக மொத்த நேரத்தில் 10 விநாடி கழியும். நான்காவதுக்கு எதுவும் இல்லை. 75-இல் 61 போனால் 14, அதில் 10 போனால் 4. மூன்று வாரமல்ல, 8 ஸ்டேஜ்தான். ஆனாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய பந்தயம் 4 விநாடியில் முடிந்தது. 1989 ஆண்கள் டூரில் கிரெக் லெமாண்ட் லோரான் ஃபின்யோனை வென்ற 8 விநாடியைவிடக் குறைவு.

இப்போது ஆம்னெவிலுக்குத் திரும்புங்கள். இரண்டாவது வந்ததற்கு நியெவியாடோமாவுக்குப் போனஸ் 6 விநாடி. வாஷ் நின்றிருந்தால்? முன்குழுவில் வாஷ் இல்லை, நியெவியாடோமா முதலாவது வந்திருப்பார் என்று வைத்துக்கொண்டால் அவருக்கு 10 விநாடி கிடைத்திருக்கும். அப்படியென்றால் நான் திட்டித் தீர்த்த வாஷ், எதிராளியிடமிருந்து 4 விநாடியைப் பிடுங்கித் தன் தலைவிக்கு உதவித்தான் இருக்கிறார். இதை எழுதி முடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் கணக்கின் அடுத்த பக்கமும் உண்டு. கடைசி 6 கி.மீ.யை மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போனால் 8 நிமிடம். 40-இல் போனால் 9 நிமிடம். அடிபட்ட ஒருத்தி தனியாகப் போவதற்கும், ஒருவரோ இருவரோ முன்னால் காற்றை மறைத்து இழுத்துக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு நிமிடத்தில் பாதி இருந்தாலே போதும், அந்த 4 விநாடி கரைந்துவிடும். முன்குழுவில் ஜெயிக்கக்கூடியவர் போகட்டும், பின்னால் இருந்த மற்றவர்கள் வொல்லெரிங்கோடு நின்றிருக்க வேண்டும் என்பதுதான் என் தீர்ப்பு. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. விழுகையின் குழப்பத்தில் யார் கீழே கிடக்கிறார் என்று ஓடுகிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்கிறான்.

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அதுதான் என் ஐந்தாவது கட்டம். தெரிந்தது. நோட்டில் முதலில் நான்கு கட்டம்தான் இருந்தது. 2021 ஜூலை 25-க்குப் பிறகுதான் ஐந்தாவதைச் சேர்த்தேன்.

டோக்கியோ ஒலிம்பிக், பெண்கள் சாலைப் பந்தயம், 137 கி.மீ. ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கொடி இறங்கியதுமே பிரேக்அவேயில், கூட்டத்தை விட்டு முன்னால் ஓடும் சிறு குழுவில், போனார். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை. 40 கி.மீ. மீதியிருக்கையில் கூட வந்தவர்களையும் விட்டுத் தனியானார். பின்னால் வந்த கூட்டம் மற்ற இருவரைக் கடைசிக் கட்டத்தில் பிடித்தது. அதோடு எல்லோரையும் பிடித்தாயிற்று என்று நினைத்து நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் தனியாகப் பாய்ந்து, கையை உயர்த்திக் கோட்டைக் கடந்தார். அவருக்கு முன்னால் 1 நிமிடம் 15 விநாடிக்கு முன்பே கீசன்ஹோஃபர் தங்கம் வென்றிருந்தார்.

நாலு பேரும் நட்சத்திரங்களான நெதர்லாந்து அணியை நான் அன்று முட்டாள்கள் என்று சொன்னேன். பிறகுதான் உறைத்தது: ஒலிம்பிக்கில் வீரர்களின் காதில் ரேடியோ கிடையாது. எனக்கு டி.வி.யின் மூலையில் நேர வித்தியாசம் விநாடிக்கு விநாடி தெரிந்தது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மோட்டார்சைக்கிள் பலகையில் எப்போதாவது காட்டியது மட்டும். நான் பார்த்த பந்தயமும் அவர்கள் ஓட்டிய பந்தயமும் வேறு வேறு. அந்த வார்த்தையைச் சொன்னதற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

தந்திரத்தைப் பற்றி வாதாடும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: முடிவெடுத்த அந்த நொடியில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? முடிவு தெரிந்த பிறகு புத்தி சொல்வது எளிது.

மலையேற்ற நேரத்தை வைத்து வாதாடுகிறவர்களுக்கு ஒரு சின்னச் சூத்திரம். மலையின் நீளத்தை ஏற்ற சதவீதத்தால் பெருக்கினால் உயரம் வரும். டூரில் வரும் பிளாட்டோ டு பெய் மலை 15.8 கி.மீ., 7.9 சதவீதம், ஆக ஏறத்தாழ 1,248 மீட்டர். 2024-இல் போகாச்சார் இதை 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறினார். மணிக்கு 1,870 மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏறிய கணக்கு. 1998-இல் மார்க்கோ பன்டானி எடுத்தது 43 நிமிடத்துக்கு மேல்.

இங்கேதான் நிறையப் பேர் பாய்ந்து ஒரு முடிவுக்குப் போகிறார்கள். நில்லுங்கள். 2024-இல் மலையடியிலிருந்தே விங்கெகோரின் விஸ்மா அணியைச் சேர்ந்த மாட்டியோ ஜார்கென்சன் கடும் வேகம் போட்டார், பிறகு விங்கெகோர் பாய்ந்து இழுத்தார், போகாச்சார் வெகு தூரம் அவர் சக்கரத்தில்தான் இருந்தார். கடைசி 5 கி.மீ. அளவில்தான் தனியானார். சைக்கிள், டயர், உடை, பந்தயத்தின் நடுவே சாப்பிடும் மாவுச்சத்தின் அளவு எல்லாம் 26 வருஷத்தில் மாறியிருக்கின்றன. இதெல்லாம் சேர்ந்து எத்தனை விநாடி என்று உங்களால் பிரிக்க முடியாது, என்னாலும் முடியாது. ஒரே மலையில் ஒரே நாளில் ஏறிய இரண்டு பேரை ஒப்பிடுங்கள், அதில் பிழை குறைவு. மிதிக்கிற பலத்தைக் காட்டத் திரையில் வரும் வாட்ஸ் எண்களும் பல நேரம் எடையை ஊகித்துப் போட்ட மதிப்பீடுதான்.

ஊக்கமருந்துப் பேச்சு வராமல் இருக்காது. பன்டானி ஓட்டிய அந்த 1998 டூரில்தான் ஃபெஸ்டினா அணியே வெளியேற்றப்பட்டது. அந்தக் காலத்தில் ஏமாந்தவர்கள் சந்தேகப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டு விதி இது: வேகம் மட்டும் ஆதாரம் ஆகாது. பரிசோதனை முடிவு, விசாரணை, தண்டனை என்று ஏதாவது ஒன்று இருந்தால் பேசலாம். இல்லாவிட்டால் ஒரு மனிதர் வெயிலிலும் மழையிலும் உழைத்ததன் மேல் சும்மா சேற்றை வாரிப் போடுகிறோம்.

வாதம் செய்யும் முறைக்கும் ஓரிரு விஷயம். ஒரே சமயத்தில் ஒரு குற்றச்சாட்டு மட்டும். "கால் இல்ல, அணியும் சரியில்ல, கோச்சும் மோசம்" என்று மூன்றையும் சேர்த்து எறிந்தால் எதிராளி பதில் சொல்ல முடியாது. "சீக்கிரம் பாய்ந்தார்" என்றால் எங்கே பாய்ந்திருக்க வேண்டும் என்று கிலோமீட்டரைச் சொல்லுங்கள். ஜெயித்திருந்தாலும் இதையே சொல்லியிருப்பேனா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். 2022-இல் பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் ஒருநாள் பந்தயத்தில் மத்தியூ வான் டெர் போலும் போகாச்சாரும் கடைசிக் கிலோமீட்டரில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வேகம் குறைத்தார்கள். பின்னாலிருந்து இருவர் வந்து ஒட்டினார்கள். வான் டெர் போல் ஜெயித்தார், போகாச்சார் நடுவில் அடைபட்டு நான்காவது ஆனார். ஒரே ஆட்டத்தை ஒருவருக்கு நிதானம் என்றும் மற்றவருக்கு முட்டாள்தனம் என்றும் சொன்னவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக, போன் எடுக்கும் நேரம். கோட்டைக் கடந்த உடனே கூப்பிடாதீர்கள். முழு ரிசல்ட், போனஸ் கழித்த நேரப் பட்டியல் எல்லாம் வர அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, துணைக் கட்டத்தை நிரப்புங்கள்: கடைசி மலையடியில் ஒவ்வொரு தலைவரோடும் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்பது. அது பட்டியலில் வராது. நீங்களே பார்த்து எண்ணினால்தான் உண்டு. அந்த எண் கையில் இருந்தால் தம்பி என்ன சொன்னாலும் எனக்குப் பதில் இருக்கிறது.

ஆம்னெவில் பக்கத்தில் மட்டும் 'தெரிந்தது' கட்டத்தை நான் இன்னும் பேனாவால் எழுதவில்லை. தம்பி ஊருக்கு வரும்போது அந்தக் கடைசி 6 கி.மீ.யை இருவரும் உட்கார்ந்து மறுபடி பார்ப்பதாக இருக்கிறோம்.